காட்டுக்காரன் வரவு

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். வாசல் மணி அடித்தால் யன்னல் சீலையை விலக்கி ஆள் யாரென்று பார்க்காமல் நான் கதவு திறப்பதில்லை. யாராவது வழியில் மறித்து வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டால், இவருக்கு அது என்னத்துக்கு என்றுதான் முதலில் மனதில் ஓடும். பிள்ளைகளுக்கு இது ஒரு நோயாகத் தெரிகிறது. நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் மட்டும் என்ன, தட்டினவுடன் கதவைத் திறந்துவிடுகிறீர்களா?

இந்தக் குணம் எனக்கு எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பதினொன்றோ பன்னிரண்டோ வயதில், ஒரு கச்சான் காலத்தில். வருஷம் கேட்காதீர்கள். சண்டை நடந்த வருஷங்கள் எல்லாம் எனக்கு ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நான் ஒன்றைச் சொல்ல, இல்லை அது அடுத்த வருஷம் என்று நீங்கள் தர்க்கம் பண்ண, கதை அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் வீடு குருக்கள்மடத்துக்குக் கிட்ட, ஆற்றங்கரையோடு இருந்தது. தேசப்படத்தில் அதற்கு வாவி என்று பெயர். எங்களுக்கு அது ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், கடலும் பெரிய றோட்டும் உள்ள எழுவான்கரை, ஆமியின் கையில் இருந்தது. அந்தப் பக்கம், வயலும் காடும் உள்ள படுவான்கரை, பொடியன்களின் கையில். இயக்கத்துக்குப் போன பிள்ளைகளை அப்படித்தான் சொல்வோம். நடுவில் தோணி ஓடும், துறையில் நிற்கிற ஆமிக்காரன் மனம் வைத்தால். பொடியன்களின் முகாம்கள் காட்டுக்குள் இருந்தன. ஒரு வீட்டுப் பிள்ளையைக் காணவில்லை என்றால் ‘காட்டுக்குப் போய்ட்டான்’ என்பார்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளைகளும் போகத் தொடங்கியிருந்தார்கள். அதனால் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளையைத் தாங்களே உளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று. உதடு வெடிக்கும். சோற்றில் மணல் கடிபடும். கரையோரம் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, ஒரு நாற்றம் எழும்பும். அந்த நாற்றத்தைப் பிறகு நான் எங்கும் மணந்ததில்லை.

அக்கா கெம்பஸில் இங்கிலிசு படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம். செங்கலடிக்கு அங்கால இருந்த அந்தக் கெம்பஸ் கொஞ்ச நாள் திறந்திருக்கும், கனநாள் பூட்டியிருக்கும். அந்தக் கச்சானில் பூட்டியிருந்தது. ஆனால் சோதினை மட்டும் டவுனில் ஒரு மண்டபத்தில் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மற்றப் பாடங்களை எல்லாம் அக்கா எழுதி முடித்துவிட்டாள். மிஞ்சியிருந்தது ஒன்று: அமெரிக்க இலக்கியம், அதில் இலக்கிய இயக்கங்களும் கலைச்சொற்களும். அதைத் தாண்டினால் பட்டம். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் பட்டம் கண்டதில்லை. அந்தச் சோதினையை எழுதாமல் விட்டால், கெம்பஸ் மறுபடி எப்போது சோதினை வைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

இயக்கம் என்றதும் நீங்கள் சிரிப்பது தெரிகிறது. வேண்டாம். அந்தப் பகிடியை எங்கள் வீட்டில் எல்லாரும் அப்போதே விட்டு முடித்தாயிற்று. கதை அதில் இல்லை.

அந்தப் பாடம் எடுத்த விரிவுரையாளர் லீவில் வெளிநாடு போனவர், போனவர்தான். அவர் விட்டுப்போனது ஒரு கட்டு றோணியோத் தாள், மெசினில் உருட்டிப் பிரதி எடுத்தது. நீலமும் கறுப்புமில்லாத ஒரு மை. தொட்டால் விரலில் ஒட்டும், மண்ணெண்ணெய் மாதிரி மணக்கும். அக்கா அந்தக் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள்.

ஒரு விடியற்காலை றவுண்டப். ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குள் வந்த ஆமிக்காரன் ஒருவன் தாள்கட்டைக் கண்டான். அந்தக் காலத்தில் றோணியோத் தாள் என்றாலே துண்டுப்பிரசுரம்தான். அவன் போய்த் தன் பெரியவனைக் கூட்டி வந்தான். பெரியவனுக்கு இங்கிலிசு தெரியும். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, தலைப்புகளில் விரலை வைத்து வைத்து வாசித்தான். ரொமான்ரிசிசம், ரியலிசம், நச்சுரலிசம், மொடர்னிசம். அவன் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“இவ்வளவு இசம் ஒரு வீட்டில எதுக்கு?” என்று உடைந்த தமிழில் கேட்டான். “கம்யூனிசம் எங்க ஒளிச்சிருக்கு?”

“அது இதில இல்ல சேர். இது அமெரிக்காட இலக்கியம்” என்றாள் அக்கா.

“அமெரிக்காவா?” அவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். “அமெரிக்கா உனக்கு என்னத்துக்கு?”

அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவரும் சரியான பதில் சொன்னதில்லை. அவன் ஒரு தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அது மொடர்னிசத் தாள். அவன் அதை யாரிடம் காட்டினானோ, அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வந்தார்களோ, இப்போதும் எனக்கு அறிய ஆசையாக இருக்கிறது.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் அம்மா மிச்சக் கட்டைத் தூக்கி அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்து மூடிவிட்டாள்.

“அம்மா, எனக்குச் சோதினை!” என்று அக்கா கத்தினாள்.

“சோதினைக்கு முன்னம் எடுத்துத் தாறன். அதுமட்டும் வாயால படி” என்றாள் அம்மா.

வாயால் படி என்றால் அக்கா வாயாலேயே படித்தாள். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

நம் பக்கத்துக் கூத்து உங்களுக்குத் தெரியும். களரிக்கு வருகிற ஒவ்வொரு ஆளும், ராசா என்றாலும் வேடன் என்றாலும், வந்தவுடன் தான் யார், எங்கிருந்து வருகிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று தன் வாயாலேயே பாடியும் பேசியும் சொல்வான். அதற்கு வரவு என்று பெயர். அக்கா தன் பாடத்தில் உள்ள ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரு வரவு கட்டினாள். வெயில் சாய்ந்த பிறகு பின்வளவுப் பூவரசுக்குக் கீழே நான் சபை. தேங்காய்ச் சிரட்டை ரெண்டைத் தட்டித் தாளம் போடுவதும் நான்தான். அக்கா பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மணலில் ரெண்டு மிதி மிதித்துவிட்டு வருவாள்.

பியூரிட்டன் வருவான். முகத்தை எங்கள் பெரியம்மா மாதிரி நீட்டிக்கொண்டு, “நான் சிரிக்க மாட்டன். நீ சிரிச்சாலும் பாத்துக்கொண்டிரிக்க மாட்டன். மேல ஒருத்தர் எல்லாத்தையும் கணக்கெடுக்கிறார்” என்பான். ரியலிசம் சந்தையில் மீன் வாங்குகிற ஆள். “மீனைப் பூ எண்டு சொல்லாத. செவுளைத் திறந்து காட்டு” என்பான். நச்சுரலிசம் வலையில் பட்ட மீன். “துள்ளுவன், துள்ளுவன், ஆனா வலைக்காரன் இழுக்கிற பக்கம்தான் போவன்” என்று அக்கா மணலில் விழுந்து துள்ளுவாள். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு வரும். ஊர்ப்பேச்சிலேயே எழுதுகிறவன் ஒருவன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ‘மறுகா, மறுகா’ என்று எங்கள் தோணிக்காரர் பேசுவதுபோலவே பேசுவான். நம்பமுடியாத கதைசொல்லி என்று ஒரு கலைச்சொல். அவன் வந்து, “நான் சொல்லுறதில பாதி பொய், எந்தப் பாதி எண்டு கேக்கப்படாது” என்பான். எனக்கு அவனைக் கண்டாலே பயம். மொடர்னிசத்துக்கு வரவு இல்லை. “அவனை ஆமி கொண்டுபோய்ட்டு” என்பாள் அக்கா.

எல்லாரிலும் வடிவான வரவு காட்டுக்காரனுடையது. இங்கிலிசில் அவனுக்கு என் வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர். ட்ரான்ஸ் என்று தொடங்கும். அக்கா எனக்காகக் காட்டுக்காரன் என்று வைத்தாள். அவனுக்குப் பாட்டுக் குறைவு, பேச்சுத்தான் அதிகம். அக்கா நிமிர்ந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்வாள்:

“ஊர் காட்டின வழியில இனி நான் போக மாட்டன். ராசாட சட்டம் பிழையெண்டா அதுக்குப் பணிய மாட்டன். வீட்டை விட்டன், காசை விட்டன், காட்டுக்குப் போறன். மரம் எனக்குச் சொல்லித் தரும். தண்ணி எனக்குச் சொல்லித் தரும். என்ட மனச்சாட்சிக்கு மேல எனக்கு ஆரும் அதிகாரி இல்ல.”

சொல்லி முடிக்கும்போது நான் தாளம் போட மறந்திருப்பேன். அக்காவோ உடனே குரலை மாற்றி, “பெரிய கதைகாரன். நுளம்பு கடிச்சா அடுத்த நாளே வீட்டை வந்திருவான்” என்று சிரிப்பாள். அந்தக் கடைசிச் சிரிப்பை யாரும் கேட்கவில்லை என்றுதான் நான் இன்று நினைக்கிறேன். கேட்டவர்களும் கேட்காததுபோல இருந்துவிட்டார்கள்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அப்பாவும் அப்படி அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். தபால் கந்தோரில் வேலை. பெரிய விஷயம் எதுவென்றாலும் மாமா வாயைத் திறந்தால் அப்பா வாயை மூடிக்கொள்வார். மாமாவின் வயல் வட்டை முழுக்கப் படுவான்கரையில் கிடந்தது. போய்ப் பார்க்க வழியில்லாமல், மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இளந்தாரிக் காலத்தில் அவர் பேர்போன கூத்துக்காரர். ராசா வேஷம் என்றால் அவர்தான். சண்டை தொடங்கிக் கூத்துகள் நின்றபிறகும் அவருக்கு ராசா நடை போகவில்லை.

மாமாவுக்கு ஒரே மகன். எனக்கும் அக்காவுக்கும் மச்சான். சைக்கிள் திருத்துவார், பேச்சுக் குறைவு. கச்சானில் அவர்களுடைய கிணறு உவர்த்துவிடும். அதனால் பின்னேரங்களில் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவார். அள்ளி முடித்த பிறகும் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். அக்காவைத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். பக்கத்து வளவு மாமியும் அப்படித்தான் நினைத்தாள். வேலிக்கு மேலால் கண்ணைச் சிமிட்டுவாள்.

ஒருநாள் பின்வேலிக்கு வெளியே, மணலில், வெற்றிலை எச்சில் கிடந்தது. செக்கச் செவேல் என்று, காயாமல். அடுத்த நாளும் அதே இடத்தில் கிடந்தது. யாரோ வேலியோடு நின்று எங்கள் கூத்தைக் கேட்டிருக்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன். “கேக்கட்டும். சபை கூடினா நல்லதுதானே” என்றாள் அவள்.

அந்தக் கிழமையே மாமா முன்படலையால் வந்தார். வந்த வேகத்தில் சால்வை தோளில் நிற்கவில்லை.

“ஏன்கா, நீ இஞ்ச என்ன செய்றாய்?” என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “உன்ட மகள் காட்டுக்குப் போகப்போறாள். என்ட ரெண்டு காதாலயும் கேட்டன்!”

அம்மா கையிலிருந்த சுளகு விழுந்து அரிசி முற்றமெல்லாம் கொட்டியது. அக்கா ஓடி வந்தாள்.

“அது பாடம் மாமா! என்ட சோதினைப் பாடம்.”

“பாடத்தில நான் போறன், நான் போறன் எண்டு வருமா? ராசாட சட்டத்துக்குப் பணிய மாட்டன் எண்டு வருமா?”

“கூத்தில வாற மாதிரித்தான் மாமா. வரவு. உங்களுக்குத் தெரியாததா?”

மாமா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரிஞ்ச கூத்தில அமெரிக்காக்காரன் வாறல்ல” என்றார்.

இப்போது வாசிக்கும் நீங்கள் கேட்பீர்கள், ராசா வேஷம் கட்டி, ‘நானே இந்த நாட்டை ஆளும் வேந்தன்’ என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் மாட்டை அவிழ்க்கப் போன மனிதருக்கு, களரியில் ‘நான்’ என்கிறவன் வேறு ஆள் என்று தெரியாமல் போகுமா என்று. எனக்கும் அந்த வயதிலேயே அது பொருந்தவில்லை. ஆனால் பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசினால் ஒரு சின்னப் பிள்ளை என்ன செய்யும்? அக்கா பாவம், அன்றைக்கு முழுக்க ஒவ்வொருவரிடமும் போய் அது பாடம், அது பாடம் என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரும், “ஏன் புள்ள, நமக்கு ஏன் இந்த ஆபத்து” என்றார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இருக்கவில்லை. அக்காவின் அடையாள அட்டையை அப்பா எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் ஆமி மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றியையும் தாண்ட முடியாது. செருப்பை ஒளித்தார்கள். காட்டுக்குப் போகிற பெண்பிள்ளைகள் முதலில் தலைமயிரைத்தான் வெட்டுவார்களாம் என்று யாரோ சொல்ல, அம்மா கத்தரிக்கோலை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தாள். அக்கா கிணற்றடிக்குப் போனால் நானும் போக வேண்டும். கொஞ்சம் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், பேசாமல் இருந்தால் என்ன யோசிக்கிறாள். பக்கத்து வளவு மாமி கண்ணைச் சிமிட்டுவதை விட்டுவிட்டு வேலி ஓட்டையை அடைத்துவிட்டாள்.

பிறகு மாமா மருந்தோடு வந்தார். கலியாணம் கட்டினவர்களைப் பொடியன்கள் எடுக்க மாட்டார்கள், கட்டினவர்களும் போக மாட்டார்கள். ஊரில் அப்படித்தான் பேச்சு. அந்தப் பயத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக்கூடக் கட்டிக்கொடுத்தார்கள்.

“வெளிய எங்கயும் தேடத் தேவல்ல” என்றார் மாமா. “நம்மட பொடியன் இரிக்கான். முறை மச்சான். இந்த வீடு எப்படியும் அவளுக்குத்தானே.”

அக்கா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று, “என்னைச் சோதினை எழுத உட்டா, சோறு குடுக்கிறன்” என்றாள். சோதினை எழுத விடுவதாக மாமா எல்லார் முன்னாலும் சத்தியம் பண்ணினார்.

சோறு கொடுப்பது என்றால் பெரிய கலியாணம் இல்லாத கலியாணம். பெண் ஒரு கலத்தில் சோறு போட்டுக் கொடுப்பாள், இருவரும் அதிலேயே உண்பார்கள், முடிந்தது. மேளமும் இல்லை, பந்தலும் இல்லை. ஒரு மத்தியானம், மணலை மீன் குழம்போடு, எங்கள் வீட்டு நடு அறையில் அக்காவின் கலியாணம் நடந்தது. மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. சோறு வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது.

“சோதினைக்கு என்னைக் கூட்டிப் போவீங்களா மச்சான்?” என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

“ஓம்” என்றார். நான் அவர் வாயிலிருந்து அவ்வளவு உறுதியான ஒரு சொல்லை அதற்கு முதல் கேட்டதில்லை.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நல்ல கோபம். என் இடம் போய்விட்டது. அவர் வந்த அடுத்த நாளே அரிசிப் பீப்பாவைக் கவிழ்த்துத் தாள்கட்டை எடுத்து, தவிட்டைத் தட்டி அக்காவின் கையில் கொடுத்தார். அம்மா தடுக்கவில்லை; மருமகன் அல்லவா. ஆனால் அக்கா அதற்குள் வரவுகளுக்குப் பழகிவிட்டாள். பின்னேரத்தில் பூவரசுக்குக் கீழே மறுபடி கூத்து. இப்போது சபையில் முன்னுக்கு மச்சான், பின்னுக்கு நான். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வீட்டில் ஒருவராவது கேட்கிறாரே என்று அவளுக்கு.

ஆனால் மச்சான் மற்ற வரவுகளுக்குச் சிரிப்பதே இல்லை. வலை மீன் துள்ளும்போதுகூடச் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும், “அந்தக் காட்டுக்காரன்ட வரவை இன்னொருக்காச் சொல்லுங்க மச்சாள்” என்பார். அக்காவும் சலிக்காமல் சொல்வாள்.

ஒருநாள் அவர் கேட்டார். “நீங்க உண்மையாப் போகத்தானே இரிந்தீங்க?”

அக்கா சிரித்தாள். “ஐயோ இல்ல மச்சான். இது சும்மா பாடம்.”

“அப்பா கேட்டாரே. இந்த வீட்டில எல்லாரும் சொல்லுறாங்களே.” பிறகு அக்காவின் கையைத் தொட்டு, “பயப்படாதீங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்” என்றார்.

அக்கா மறுபடி சிரித்தாள். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது பகிடி விடுகிற முகமில்லை. அக்காவை அவர் அப்படி ஒரு மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அந்த வீட்டில் எனக்குப் படாத சந்தேகம் எது? எதைச் சொல்வது, எதை விடுவது?

சோதினை நாள் வந்தது. அப்பா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மச்சான் கூட்டிப் போகிறார், போதாதென்று என்னையும் அனுப்பினார்கள்.

“அக்காவை உட்டு அங்கால இஞ்சால போகப்படாது” என்று அம்மா என் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சொன்னாள். “அவள் மண்டபத்துக்குள்ள போனா நீ யன்னலுக்க நிண்டு பார். பின்கதவால போயிருவாள்.”

எல்லாரும் என்னிடம் அக்காவைப் பார் என்றார்கள். மச்சானைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போய், ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி, நடந்து, ஏறி, டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்து வாசலில் அக்கா மச்சானின் கையைப் பிடித்து, “போயிட்டு வாறன்” என்றாள். அவர் தலையாட்டினார். நான் அம்மா சொன்னபடி யன்னலோடு நின்றேன். அக்கா தாளை வாங்கினாள், வாசித்தாள், ஒருதரம் வாயைப் பொத்திச் சிரித்தாள், பிறகு குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பெருமையாக இருந்தது. மச்சான் என் பக்கம் வந்து, “தாகமா இரிக்கா? குடிக்க ஏதும் வாங்கி வாறன்” என்றார். நான் ஓம் என்றேன். கண்ணை யன்னலை விட்டு எடுக்கவில்லை.

மணி அடித்ததும் அக்கா ஓடி வந்தாள். விரலெல்லாம் மை.

“என்ன கேட்டிரிக்காங்க தெரியுமா? காட்டுக்காரன்! மனுசன் ஊரை விட்டு ஏன் இயற்கைக்குள்ள போனான் எண்டு விளக்கட்டாம். வரவை அப்படியே இங்கிலிசில எழுதினன் புள்ள!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே வாசலைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள். “எங்க அவர்? அவரிட்டச் சொல்ல வேணும்.”

கடைசி பஸ் வரைக்கும் அந்த வாசலிலேயே நின்றோம். ஆமி பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் பயம். அடுத்த நாள் தோணிக்காரர் வந்து சொன்னார்: முதல்நாள் பின்னேரம் மச்சானை அக்கரையில் இறக்கிவிட்டவர் அவரேதான். மாமாவின் வட்டையைப் பார்க்கப் போவதாகச் சொன்னாராம். மச்சான் இறங்கி, தண்ணீருக்குள் நின்றபடி அவரைக் கும்பிட்டாராம்.

அக்கா சோதினையில் நல்லாகச் சித்தியடைந்தாள், பட்டம் எடுத்தாள், அதே ஊரில் கனகாலம் இங்கிலிசு படிப்பித்தாள். மச்சான் வரவே இல்லை. சண்டை முடிந்த பிறகும் எந்தத் தகவலும் இல்லை. அக்கா வேறு கலியாணம் செய்யவுமில்லை. இதெல்லாம் பிறகு. எனக்கு மனதில் நிற்பது தோணிக்காரர் சொல்லிவிட்டுப் போன அந்த முற்றம்.

மாமா முற்றத்து மணலில் விழுந்து குந்திக்கொண்டார். ராசா நடை எல்லாம் போய், தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அக்கா வாசற்படியில் நின்றாள். மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் புள்ள அந்த வரவை அவ்வளவு வடிவாச் சொன்னாய்?”

அம்மாவின் கைச் செம்பிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அப்ப, அது வரவெண்டு உங்களுக்குத் தெரியுமா மாமா?” என்றாள் அக்கா.

“தெரியாமலா?” என்று மாமா விம்மினார். “முதல் நாளே தெரியும். நாலைஞ்சு நாள் வேலிக்க நிண்டு கேட்டன். எனக்கு உன்னில பயம் இல்ல புள்ள. அவன்தான் போகப்போறான் எண்டு எனக்குப் பட்டுது. அவனைப் பிடிச்சு வைக்க எனக்கு வேற வழி தெரியல்ல. ஒரு பொஞ்சாதி, ஒரு வீடு எண்டு வந்தா நிப்பான் எண்டு நினைச்சன். உன்ட அம்மா சும்மா கேட்டாத் தர மாட்டாள், நீயும் படிப்பை உட்டு வர மாட்டாய். அதுதான் அப்படிச் சொன்னன். அவன் நிக்கல்லையே. நீ சொன்னதைக் கேட்டுத்தானே துணிஞ்சான்.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள். அப்பா கதவுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அக்கா படியிலிருந்து இறங்கி வந்து மாமாவுக்கு முன்னால், அதே மணலில், குந்தினாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“நான் அவரிட்டயும் சொன்னன் மாமா, இது பாடம், இது பாடம் எண்டு. நிசமெண்டு சொன்னது நீங்க. அவர் உங்கட மகன். உங்களைத்தான் நம்பினார்.”